நடுவில் வைக்கும் துண்டு

கொழுந்தன் ராஜப்பன் வாசலில் வைத்துவிட்டுப் போன துணி மூட்டையைத் தங்கம்மாள் எடுத்துக்கொண்டாள் என்பது வரைக்கும் ஊருக்குத் தெரிந்த சங்கதி. எடுத்தவள் அதைக் கேழ்வரகுப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். மூன்று நாளாக அது அங்கேயே கிடந்தது.

களி கிண்ட உட்கார்ந்தால் கண்ணில் பட்டது. பானையை நகர்த்தினால் கையில் பட்டது. ராத்திரி படுத்தால் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் பட்டது.

மூட்டைக்குள் எட்டுத் துண்டுத் துணி. எட்டு வீட்டில் கேட்டு வாங்கியது. உலகச் சண்டைக் காலம், துணிக்கெல்லாம் கூப்பன். ஒரு சேலையை மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, ஒருத்தி வெளியே போனால் ஒருத்தி உள்ளே இருக்கிற மார்கழி மாதம். இதில் ராஜப்பன் துண்டை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறான். தலையாரி தன் தலைப்பாகையில் ஒரு சாண் கிழித்துக் கொடுத்தார். கொத்தனார் இன்னாசி வீட்டில் பச்சைக் கோடு போட்ட லுங்கித் துண்டு. வண்ணார வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்றபடியே, கட்டியிருந்த சேலையின் ஓரத்தைக் கத்தரித்து வெளியே கையை நீட்டினாளாம்.

தங்கம்மாளின் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். அடுத்தடுத்துப் பிள்ளை தவறிய வயிற்றில் மறுபடி ஒன்று தங்கினால், பிறக்கிற குழந்தையைச் சொந்த வீட்டுத் துணியில் போடக் கூடாது. ஒன்பது வீட்டுத் துணியைச் சேர்த்துத் தைத்து அதில்தான் போட வேண்டும். எட்டு வீட்டில் அப்பன்காரன் கேட்டு வாங்கிவர வேண்டும். ஒன்பதாவது துண்டு நடுவில் வைக்கிறது. அதைத் தைக்கிறவள் கொடுக்க வேண்டும். தைக்கிறவள் ஒரு பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுக்காதவளாக இருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. நடுத்துண்டை வைக்கும்போது பிள்ளைத்தாய்ச்சியின் முகத்தைப் பார்த்து அவள் ஒரு சொல் சொல்ல வேண்டும். "என் வயித்துல ஒண்ணும் வாடல. உன் வயித்துலயும் வாடாது."

இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் சின்னக்கண்ணு. ராஜப்பன் பெண்சாதி, தங்கம்மாளுக்கு ஓரகத்தி. இப்போது நிறைமாதம். வகையறாவில் பிள்ளை தவறாத பெண் யார் என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது ஒரே விரல். நாலு பெற்று நாலும் திடமாக இருக்கிற தங்கம்மாள்.

ஊருக்கு அப்படித்தான் தெரியும். புருஷன் பச்சியப்பனுக்கும் அப்படித்தான் தெரியும். மூத்தவன் ஆண்டி தனியாகப் பிறக்கவில்லை என்பது தங்கம்மாளுக்கும், செத்துப்போன அவள் அம்மாவுக்கும், மாரண்டஹள்ளிப் பக்கம் இருக்கிற தம்பி கரியனுக்கும் மட்டும் தெரியும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் தாய்வீட்டில் நடந்த தலைப் பிரசவம். இரட்டை. முதலில் வந்தது அரைநாள் இருந்தது. "ரெட்டைன்னு வெளிய சொன்னா, போனது இருக்கறதயும் கூப்புடும். ஒண்ணுதான் பொறந்துதுன்னு சொல்லு" என்று அம்மா அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய வாய் பொத்தியபடியே இருந்துவிட்டது.

இப்போது அவள் தைத்தால் பொய்க் கையால் தைத்ததாக ஆகும். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆனால், அது தன் ஊசியிலிருந்து போனதாகத்தான் தங்கம்மாளே நினைப்பாள். தைக்க மாட்டேன் என்றால், பழைய வன்மம் என்று ஊர் சொல்லும்.

வன்மத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டாவது குழந்தை போன அன்றைக்குச் சின்னக்கண்ணு மண்ணில் புரண்டு, "நாலப் பெத்து நாலயும் வெச்சிருக்கற கண்ணு, எம் புள்ளைமேல பட்டுப்போச்சே!" என்று கத்தினாள். கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் தங்கம்மாளைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. அந்த மாசியிலேயே பாகம் பிரித்து முற்றத்தின் நடுவே மண்சுவர் எழுப்பிக்கொண்டார்கள். போன ஐப்பசி மழையில் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடிந்து விழுந்தது. இந்தப் பக்கத்தாரும் அதை எடுத்துக் கட்டவில்லை. அந்தப் பக்கத்தாரும் கட்டவில்லை.

நாலாம் நாள் விடியலில் மருத்துவச்சி செல்லி தெருவோடு போகிறவள், "எறங்கிருச்சு. இன்னிக்கோ நாளைக்கோதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கம்மாள் மூட்டையைப் பிரித்தாள்.

அவள் வாழ்நாளில் துணி தைத்தவள் இல்லை. தைக்கத் தெரிந்ததெல்லாம் இலைதான். காட்டிலிருந்து புரசு இலை கொண்டுவந்து, ஈர்க்கைக் கிள்ளிக் கிள்ளிக் குத்தி, ஒரு நாளைக்கு நூறு தையல் இலை போட்டுக் கிளப்புக் கடைக்குக் கொடுக்கிறவள். அந்தக் கை அதற்குத் தெரிந்ததைச் செய்தது. எட்டுத் துண்டையும் வட்டமாக அடுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஓரத்தில் எட்ட எட்டக் குத்தி முடித்தாள். நடுத்துண்டு வைக்கவில்லை. அந்த இடம் ஓட்டையாக இருந்தது.

தூக்கிப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்பது தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. முட்டி வலியோடு எழுந்து, இலைக் கட்டைத் தலையில் வைத்து, துணியை மடியில் செருகிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கு இரண்டு மைல் நடந்தாள்.

மடியில் இன்னொரு துணியும் இருந்தது. இருபது வருஷமாகப் பெட்டிக்கு அடியில் இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தோம் என்று அவளையே கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

கடைத்தெருவில் தையல்கார அப்துல் கனியின் வீடு. முன்னால் மெஷின், பின்னால் குடும்பம். அவர் பெண்சாதி ரஹமத் பீவி ஒரு காக்கிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கம்மாளுக்கு அவள் பத்து வருஷப் பழக்கம். இலைக் கட்டு இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற வீடு.

"வாங்க தங்கம்மா. மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது? கிளப்புக்காரன் இலை வெலயக் கொறச்சிட்டானா?"

"இலையெல்லாம் போட்டாச்சு பாயம்மா. இது வேற." மடியிலிருந்து தைத்ததை எடுத்து நீட்டினாள்.

ரஹமத் பீவி அதை விரித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். பல்லில் கடித்திருந்த நூல் கீழே விழுந்தது.

"தங்கம்மா, இதுல சோறு போடப் போறீங்களா, புள்ளையப் போடப் போறீங்களா?"

"ஏன், என்னா ஆச்சு?"

"என்னா ஆச்சா! தையல் இலை மாதிரியே சுத்திக் குத்தி வெச்சிருக்கறீங்க! நடுவுல ஓட்ட வேற. இதுல சோறு கூட நிக்காது போங்க!"

சிரிப்பு தாங்காமல் ரஹமத் பீவி சுவரில் சாய்ந்துவிட்டாள். தங்கம்மாளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது. எத்தனை நாளாயிற்று சிரித்து.

"இலைன்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும், கொழம்பு ஒழுவாம இருக்க. துணிக்கு அது ஆவாது. கிழிச்ச ஓரமெல்லாம் மேல நிக்குது பாருங்க. பச்ச ஒடம்ப அறுத்துப்புடும்" என்று ரஹமத் பீவி சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். "மொதல்ல பிரிங்க. நீங்கதான் பிரிக்கணும். நான் தொட்டாலும் அதுல ஒரு தையல் போட மாட்டன். ஒங்க வழக்கம் எனக்குத் தெரியும்."

தங்கம்மாள் பிரித்தாள். போட்ட நேரத்தைவிடப் பிரிக்கிற நேரம் அதிகமாக இருந்தது.

ரஹமத் பீவி கிருஷ்ணாயில் டின்னில் வெட்டின சதுரத் தகரம் ஒன்றை எடுத்து வந்தாள். "இத துணிமேல வெச்சு, கரியால சுத்திக் கோடு போடுங்க. கோட்டுமேல அரியக் கூடாது. ஒரு விரக்கடை வெளிய விட்டு அரியுங்க. கோடு தைக்கறதுக்கு. விட்ட ஓரம் உள்ளாற போறதுக்கு. எட்டும் ஒரே அளவு. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா கடைசில மூலை சேராம இழுத்துக்கிட்டு நிக்கும்."

எட்டுத் துண்டும் அளவாக ஆயின. தலையாரியின் சிவப்பு, இன்னாசி வீட்டுப் பச்சை, வண்ணார வீட்டு ஊதா. ரஹமத் பீவி எட்டையும் தரையில் பரப்பினாள். மேலே மூன்று, கீழே மூன்று, நடு வரிசையில் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று. நடுவில் வெறும் தரை.

"வட்டம் கெடையாது, தெரியுதா? மூணு வரிசை. ஒரு வரிசைக்கு மூணு. வரிசைய மொதல்ல தைங்க, அப்பறம் வரிசையோட வரிசையச் சேருங்க. அவ்வளவுதான். இதுக்குப் பயப்படவே வேணாம்."

அவள் தன் கூடையிலிருந்து இரண்டு கந்தல் எடுத்துத் தைத்துக் காட்டினாள். தங்கம்மாள் சிவப்பையும் பச்சையையும் எடுத்து, பக்கம் பக்கமாக வைத்தாள்.

"அப்பிடியில்ல. மொகத்துக்கு மொகம் வெய்யுங்க. முதுகு ரெண்டும் வெளிய இருக்கணும். கோட்டுமேல சின்னச் சின்னதா ஓட்டுங்க. அரிசி நீளம் போதும். எட்ட எட்டக் குத்தாதீங்க, இது இலையில்ல. தைச்சு முடிச்சு விரிச்சா ரெண்டும் நல்ல மூஞ்சியோட நிக்கும்."

"மொகத்துக்கு மொகமா?"

"ஆமா. நீங்களும் ஒங்க ஓரகத்தியும் மாதிரி சுவத்துக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு நின்னா தையல் ஏறாது."

முன்பக்கம் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அப்துல் கனி திரும்பாமலே, "நூலுக்குக் கன்ட்ரோல் போட்டான் சர்க்காரு. இவ வாயிக்குப் போட மறந்துட்டான்" என்றார்.

"நீங்க காலுக்கு வேல குடுங்க, காதுக்கு வேணாம்" என்றாள் ரஹமத் பீவி.

மேல் வரிசையின் மூன்றும் சேர்ந்தன. தையல் கோணல்மாணலாகத்தான் போயிருந்தது. ஆனால் விரித்தபோது மூன்று நிறமும் ஓரம் தெரியாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. தங்கம்மாள் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரஹமத் பீவி ஒரு செம்பில் நெருப்பை அள்ளிப் போட்டு, அதையே இஸ்திரிப் பெட்டியாக்கித் தையலின்மேல் தேய்த்தாள்.

"பின்னாடி நிக்கற ஓரத்த இந்த வரிசைக்கு வலப்பக்கம் சாச்சுட்டன். நடு வரிசைக்கு எடப்பக்கம் சாயுங்க. அப்பத்தான் மூலையில தடிப்பா முட்டிக்காது." பிறகு ஒரு நூல்கண்டையும், கத்தரிக்கோல், தகரம், கரித்துண்டையும் தங்கம்மாளின் கையில் வைத்தாள். "எனக்கு மூணாவது புள்ள அம்மையில போவாம இருந்திருந்தா, நானே ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்திருப்பன்."

தங்கம்மாள் அவளையே பார்த்தாள். "எப்பிடி பாயம்மா இப்பிடிச் சட்டுனு சொல்றீங்க?"

"எத?"

"போனத."

"இருந்தான், போயிட்டான். பேரு சலாவுதீன். நாலு வருசம் இருந்தான். சொல்லாம எங்க கொண்டுபோயி வெக்கறது?" ரஹமத் பீவி மறுபடி காஜாவை எடுத்தாள். "அது கெடக்கட்டும். நடுத்துண்டு எங்க?"

"வூட்டுல இருக்குது."

மடியில் இருந்த துணி இடுப்பில் உறுத்தியது.

திரும்பி வரும் வழியில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கீழ் வரிசையையும் தைத்தாள். இரண்டு தரம் விரலைக் குத்திக்கொண்டாள். உச்சி வெயில் ஏறினபோது மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று, நடுவுக்குத் தனியாக இரண்டு துண்டு. இனிமேல் நடுத்துண்டு இல்லாமல் ஒரு தையலும் ஓடாது. நடுத்துண்டு வைத்தால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

தையல் பொய் என்றால்கூடத் தைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்தைப் பார்த்து.

எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அப்படியே அந்த மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. எழுந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. பச்சியப்பன் காட்டில் மொச்சை பறிக்கப் போயிருந்தான். பிள்ளைகளும் அங்கேதான். தங்கம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, முற்றத்தில் சுவர் இடிந்திருந்த சந்தில் போய் நின்றாள்.

அந்தப் பக்கம் சின்னக்கண்ணு வாசற்படியில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி இருந்தன. முகம் மட்டும் ஒட்டிப்போய் இருந்தது. வேப்பமரத்தடியில் ராஜப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அண்ணியைக் கண்டதும் எழுந்து நின்றான். திரித்த கயிற்றையே பார்த்தான்.

"தண்ணி சேந்தி வையி ராஜப்பா. ராத்திரிக்கு வேணும்" என்றாள் தங்கம்மாள்.

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனான். ஒரு வேலை கிடைத்ததே போதும் என்கிற மாதிரி.

தங்கம்மாள் சந்தைத் தாண்டினாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து.

"வாங்கக்கா" என்றாள் சின்னக்கண்ணு.

"நோவு இருக்குதா?"

"காலைல இருந்து இடுப்பு கடுக்குது. விட்டு விட்டு."

தங்கம்மாள் எதிரே உட்கார்ந்து, தைத்ததைப் படியில் விரித்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை, நடுவே இரண்டு. சின்னக்கண்ணு விரலால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள்.

"இது யாரு வூடு?"

"தலையாரி வூடு."

"இது?"

"வண்ணார வூடு. உடுத்தியிருந்ததுல இருந்து வெட்டிக் குடுத்தாளாம்."

"கேட்டுக்கிட்டு வந்து ராத்திரியெல்லாம் அழுதாரு எங்கூட்டுக்காரரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு." சின்னக்கண்ணு நடுவில் இருந்த காலி இடத்தில் கையை வைத்தாள். "இது இன்னும் வெக்கலியாக்கா?"

"வெச்சா ஒரு சொல்லு சொல்லணும்."

"சொல்லுங்க. அன்னிக்கு நான் பேசினதுக்கு ஒங்களுக்கு மனசு வரலைன்னா…"

"அதில்ல."

"நான் வேணும்னா கால்ல…"

"அதில்லடி!" தங்கம்மாளின் குரல் முற்றத்தில் பட்டுத் திரும்பியது. பிறகு தங்கம்மாள், கேழ்வரகு அளந்து கொட்டுகிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள். "ஆண்டி ஒத்தையாப் பொறக்கல. ரெட்டை. மொதல்ல வந்தது போயிருச்சு. எங்கம்மா மறைச்சிருச்சு. நானும் மறைச்சிட்டன். அந்தச் சொல்லு எனக்கு ஆவாது. ஒன் மூஞ்சியப் பாத்து என்னால அத சொல்ல முடியாது."

சின்னக்கண்ணுவின் கை அந்தக் காலி இடத்திலேயே இருந்தது.

"ஒனக்கு வேற ஆளு பாக்கறதுக்கு நேரமும் இல்ல. மூணு நாளு மூட்டைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டன். பாவி நான்."

சின்னக்கண்ணு கேட்டாள். "ஆணா?"

"ஆணுதான்."

"அழுதானா?"

"ஒரு தரம்."

சின்னக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எம் மொதலும் ஒரு தரந்தான் அழுதுது" என்றாள். பிறகு, "அன்னிக்கு ஒங்கள அப்பிடிப் பேசினனே. அப்பவே சொல்லியிருக்கலாமில்லக்கா."

"அத்தன பேரு முன்னாலயா?"

"பேரு வெச்சீங்களா?"

"அரை நாள்ல என்னா பேரு." தங்கம்மாளுக்கு இத்தனை வருஷம் வராத கண்ணீர் இப்போதும் வரவில்லை. கண் மட்டும் எரிந்தது. மடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். பழுத்துப்போன பழைய சேலைத் துண்டு. ஒரு பக்கம் கிழிந்த ஓரம். "எங்கம்மா சேலை. ரெண்டாக் கிழிச்சு ரெண்டயும் சுத்துச்சு. ஒரு பாதி அவனோட போச்சு. இது ஆண்டிக்குச் சுத்தினது. எதுக்கு எடுத்தாந்தன்னு தெரியல. நான் கெளம்பறன். செல்லிகிட்டச் சொல்லி வேற யாரயாவது…"

"குடுங்க இப்பிடி."

சின்னக்கண்ணு துணியை வாங்கி மோந்து பார்த்தாள். "இது பொழச்சவன் துணிதானே?"

"ஆமா."

"இருவது வயசு ஆளு. நேத்துக்கூட எளவட்டக் கல்லத் தூக்கிப் போட்டான்." அவள் தங்கம்மாள் கொண்டுவந்திருந்த சதுரத் தகரத்தைத் துணியின்மேல் வைத்தாள். கரித்துண்டை எடுத்து, மூச்சு வாங்க வாங்கத் தானே சுற்றிக் கோடு போட்டாள். "அரிங்கக்கா."

"சின்னக்கண்ணு, வேணாம். எங்கையில தைக்கறதுக்கு எனக்கே பயமா இருக்குது."

"எனக்குத் தினந்தினம் பயந்தான். பயந்து பயந்து ஓஞ்சு போச்சு. தைங்க நீங்க."

"அப்ப அந்தச் சொல்லு?"

"அந்தச் சொல்லு வேணாம். வேற எதாவது சொல்லுங்க."

"என்னா சொல்லட்டும்?"

"தெரியல. மொதல்ல தைங்க. தைக்கறப்ப எதாவது வரும்."

தங்கம்மாள் அரிந்தாள். ஒரு விரக்கடை விட்டு, ஒரே அளவாக. பழைய துணி கத்தரிக்கோலுக்குச் சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. ஊதாவின் முகத்தோடு அதன் முகத்தை வைத்துத் தைத்தாள். அடுத்த ஓரத்தில் இன்னொன்று. நடு வரிசை ஆயிற்று. விரித்தாள். எட்டு வீட்டு நிறத்துக்கு நடுவில் நிறமே இல்லாத ஒரு சதுரம்.

மேல் வரிசையை அதோடு சேர்க்க ஊசி ஓடியது. கோட்டின்மேல், அரிசி அரிசியாக. மூலைக்கு மூலை சரியாக வந்து நின்றபோது சின்னக்கண்ணு, "ஒட்டினதே தெரியலக்கா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கை தங்கம்மாளின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. வளையல் சதைக்குள் பதிந்தது.

"என்னா? நோவா?"

தலை மட்டும் ஆடியது.

குடத்தோடு வந்த ராஜப்பன் அப்படியே நின்றான்.

"குடத்த எறக்கிட்டு ஓடு! செல்லியக் கூப்புடு, ஓடு!" என்று தங்கம்மாள் விரட்டினாள். சின்னக்கண்ணுவின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து உள்ளே நடத்திப் போய்ப் பாயில் படுக்க வைத்தாள். "பல்லக் கடிச்சுக்கோ. இப்ப வந்துடறன். எண்ணெய எடுத்தாந்துடறன்."

ஊசியும் நூலும் தொங்க, தைத்தது கையில் இருக்க, சந்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள்.

சுவரை ஒட்டி, அந்தப் பக்கத்தில் நின்றால் தெரியாத இடத்தில், பச்சியப்பன் நின்றிருந்தான். காலடியில் மொச்சைக் கூடை. எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது அவன் முகம்.

"ஏங்க…"

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கை ஓங்கினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"எங்க வெச்சீங்க?" என்று கேட்டான்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "தெரியாதுங்க. அம்மாதான் தூக்கிக்கிட்டுப் போச்சு. கரியன் கூடப் போனான். அவனுக்குத்தான் எடம் தெரியும்."

"மண்ணப் போட்டு மூடிட்டு ஒரு கல்லாவது நட்டீங்களா?"

"தெரியாதுங்க."

பச்சியப்பன் வீட்டுக்குள் போனான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு இருந்த ஒரே சட்டை. திருவிழாவுக்கும் தாலுகா கச்சேரிக்கும் மட்டும் போடுவது.

"எங்க கெளம்பறீங்க? அங்க அவளுக்கு நோவு கண்டிருச்சு. மாரண்டஹள்ளி இங்கயா இருக்குது?"

"நாலு மணிக்கித் தருமபுரிக்குக் கரியில ஓடற பஸ்ஸு இருக்குது. அங்கருந்து நடந்துக்கறன்."

"ஏங்க, என்ன நாலு வார்த்த திட்டிட்டுப் போங்க. இப்பிடிப் போவாதீங்க."

அவன் சந்தின் வழியாக அந்தப் பக்கம் பார்த்தான். உள்ளேயிருந்து சின்னக்கண்ணு "அக்கா!" என்று கூப்பிட்டாள். அடுத்த கூப்பாடு வார்த்தையாக இல்லை.

"நீ போயி அந்தப் புள்ளையப் பாரு" என்றான் பச்சியப்பன். "நான் போயி எம் புள்ளையப் பாத்துட்டு வர்றன்."

தெருவில் இறங்கி நடந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். மறு கையில் துணி. இரண்டு வரிசை சேர்ந்துவிட்டது. மூன்றாவது வரிசை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது சேருவதற்குள் குழந்தை வந்துவிடக் கூடாதே என்று, கிண்ணத்தை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, சின்னக்கண்ணு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டே ஊசியைக் குத்தினாள்.